தபசு மரத்தைப் பார்க்காதவர்

எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த அந்த அம்மாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி சென்னையிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். அவருடைய வேலைகளைப் பற்றிப் பெரிய புத்தகம் ஒன்று வருகிறதாம். பழகியவர்கள் எல்லோரும் எழுதுகிறார்களாம். "நீங்கதானே சார் அவங்களுக்கு சவுண்ட் பண்ணிக் கொடுத்தது?" என்றாள். ஆமாம், நான்தான். உத்திரமேரூருக்கு அடுத்த ஊரில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கூத்து எதுவானாலும் கூம்பு ஸ்பீக்கரிலிருந்து கார்ட்லெஸ் மைக் வரை கொண்டுபோய்க் கட்டுகிறவன் நான். திருவிழா நோட்டீசுக்கு வாசகம் எழுதித் தருவதும் நான்தான் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. அதனால் எழுத வராது என்று சொல்லித் தப்பிக்க முடியவில்லை. சரி, எழுதுகிறேன். ஆனால் நல்ல வார்த்தைதான் வேண்டுமென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு அந்த அம்மாவைப் பிடிக்காது.

நிறத்துக்காக என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எங்கள் தெருவில் அடுத்தவர் நிறத்தைப் பற்றிப் பேசத் தகுதியுள்ளவன் ஒருவனும் கிடையாது. அந்த அம்மா பெனின் நாட்டுக்காரர். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் ஒடுக்கமாக ஒரு நாடு. செல்போனில் தேடித்தான் கண்டுபிடித்தேன். ஊரில் முதலில் நைஜீரியா என்றார்கள், அப்புறம் கென்யா என்றார்கள், கடைசியில் எதற்கு வம்பு என்று 'ஆப்பிரிக்காம்மா' ஆக்கிவிட்டார்கள். ஐம்பதைத் தாண்டியவர். ஒட்ட வெட்டிய நரைமுடி. எங்கள் மாடிக் கதவில் குனிந்துதான் நுழைய வேண்டும், அவ்வளவு உயரம். பெரிய பெரிய பறவை போட்ட துணியை உடம்பில் சுற்றிக்கொண்டு, ஒரு தோளில் கேமராவும் இன்னொரு தோளில் ஒலிப்பதிவுக் கருவியும் மாட்டியிருப்பார். போட்டோவைத் துணியில் அச்சடிப்பார், அந்தத் துணியைத் தொங்கவிட்டு அதன் பின்னால் ஸ்பீக்கரை ஒளித்து வைப்பார், படம் எடுப்பார், புத்தகம் எழுதுவார். இத்தனையும் செய்பவரை என்னவென்று அழைப்பது என்று கேட்டேன். "ஆர்ட்டிஸ்ட்டுன்னு சொன்னா போதுமாம்" என்றாள் அம்சா.

அம்சா என் மனைவி. பி.காம். படித்தவள். ஊசி, ஸ்கேன் என்று காஞ்சிபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் அலைந்ததில் பள்ளிக்கூடத்து ஆபீஸ் வேலையை விட்டிருந்தாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. அந்த அம்மா வந்த பிறகு அவர் பேச்சைத் தமிழிலும் எங்கள் பேச்சை இங்கிலீஷிலும் சொல்லும் வேலை அவளுக்கு வந்து சேர்ந்தது. அந்த அம்மாவின் இங்கிலீஷில் பிரெஞ்சு வாடை அடிக்கும், எனக்குப் பாதிதான் பிடிபடும். அம்சாவுக்கு முழுவதும் பிடிபட்டது. அப்போது அதில் எனக்குப் பெருமை.

வந்த மறுநாளே அந்த அம்மாவின் குணம் தெரிந்துவிட்டது. உத்திரமேரூர் கோயிலுக்கு அழைத்துப்போனேன். குடவோலைக் கல்வெட்டைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். வெளியூர்க்காரர் யார் வந்தாலும் நான் ஒப்பிக்கும் பாடம் ஒன்று உண்டு. பானை, ஓலை, யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது, எல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனேன். அம்சா அதை இங்கிலீஷ் ஆக்கிக்கொண்டே வந்தாள். திரும்பிப் பார்த்தால் அந்த அம்மா சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். வாசலோரம் துடைப்பத்தை மடியில் போட்டுக்கொண்டு தூங்கிய பெருக்குகிறவளைப் படம்பிடித்துக்கொண்டிருந்தார். அவள் விழித்துப் பார்த்து, "இன்னாத்துக்கு என்ன புடிக்கிற? அந்தாண்ட கல்லு கீது, போய் அத்த புடி" என்று விரட்டினாள். அந்த அம்மா அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, தமிழில் கற்றுக்கொண்டிருந்த ஒரே வார்த்தையைச் சொன்னார்: "அப்புறம்?"

அந்த 'அப்புறம்' இருக்கிறதே, அதுதான் அவர் தூண்டில். அதைச் சொல்லிவிட்டுச் சும்மா இருப்பார். எதிரில் இருப்பவர் தவித்துப்போய் ஏதாவது பேசுவார். பெருக்குகிறவள் அன்று மருமகள் கதை முழுவதையும் கொட்டிவிட்டாள். கல்வெட்டு அங்கேயே இருந்தது. நான் கற்று வைத்திருந்த பாடமும் என்னிடமே இருந்தது.

எல்லோரும் பார்க்கும் இடத்தை அந்த அம்மா பார்க்கமாட்டார். இது தெரியாமல் ஒரு கல்யாணத்துக்கு அழைத்துக்கொண்டு போனேன். சவுண்ட் நம்முடையது, வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு நம்மூர்க் கல்யாணத்தைக் காட்டலாமே என்ற நல்ல எண்ணம்தான். கெட்டிமேளம் கொட்டுகிறது, எல்லோரும் அட்சதையை ஓங்கிக்கொண்டு நிற்கிறார்கள். இவர் மேடைக்கு முதுகைக் காட்டி, மண்டபத்துப் பின்கட்டில் அண்டா தேய்க்கும் பெண்களிடம் மைக்கை நீட்டிக்கொண்டிருந்தார். என்னுடைய மைக். பெண்ணின் அப்பா தாலி முடிந்ததும் முடியாததுமாக என்னிடம் வந்துவிட்டார்.

"இன்னா தாமு, நல்ல காரியம் நடக்க சொல்ல முதுவ காட்டிக்கினு நிக்குது அந்தம்மா? சாங்கியம் தெரியாதவங்கள ஏன் இட்டுக்கினு வர?"

"தெரியாம பண்ணிட்டாங்கண்ணே."

"அவுங்களுக்குத் தெரியல. உனக்குத் தெரியும் இல்ல?"

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னேன். அந்த அம்மா சிரித்தார். மன்னிப்பு கேட்கும் பழக்கமே அவரிடம் கிடையாது. நன்றி சொல்லும் பழக்கமும் கிடையாது. தோளில் ஒரு தட்டு தட்டுவார், அதுதான் இரண்டுக்கும். "அல்லாரும் பாக்கற எடத்துக்கு இன்னும் ஒரு கண்ணு எதுக்குன்றாங்க" என்று அம்சா சொன்னாள். அவளும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

சொந்த அம்மாவிடமும் இதே வேலையைக் காட்டியவர்தான் என்பது பிறகு தெரிந்தது. அவருடைய தாயார் அவர்கள் ஊர்ப் பெரிய சந்தையில் துணி வியாபாரம் செய்தவராம். கடையென்றால் சின்னக் கடை இல்லை. ஊரே கும்பிடு போடுமாம். தாயார் செத்த பிறகு அவரைப் பற்றி மகள் புத்தகம் எழுதுகிறாள் என்று குடும்பமே காத்திருந்திருக்கிறது. புத்தகம் வந்தது. அதில் முழுக்க முழுக்க அந்தக் கடைக்குத் தலையில் மூட்டை சுமந்துவந்த பெண்கள்தான். யார் எந்த ஊரிலிருந்து வந்தாள், எவள் கழுத்து எப்படி இற்றுப்போனது என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தாராம். தாயார் ஒரே ஒரு இடத்தில் வருகிறார், மூட்டைக்காரி ஒருத்தியைத் திட்டுவதற்கு. கூடப்பிறந்த அக்கா அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டார். இந்தக் கதையை மாடிப்படியில் உட்கார்ந்து, எங்கள் வீட்டுக் கருவாட்டுக் குழம்பைக் கையால் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். எனக்கு அந்த அக்காவின் மேல்தான் இரக்கம் வந்தது. இன்றும் அந்த அக்காவின் கட்சிதான் நான்.

என் தொழிலையும் அப்படித்தான் மதித்தார். புதிதாக இறக்கிய பாக்ஸ் ஸ்பீக்கர்களை ஆசையோடு போட்டுக் காட்டினேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஷெட்டின் மூலையில் கிடந்த, உள்ளே கம்பிச் சுருள் கருகிப்போன பழைய கூம்பு ஸ்பீக்கர்களைப் பொறுக்கி எடுத்தார். அவற்றில் குரல் கரகரவென்று வரும், கிழவன் இருமுவது போல. அதுதான் வேண்டுமாம். என்னைப் பெற்ற அம்மா என்னிடம், "நல்லதா நாலு பொருள் வச்சிக்கினு கீற, அந்தம்மா குப்பைய வாரிக்கினு போவுது, பேஜாரா கீதுடா" என்றாள். எனக்கும் அதே எண்ணம்தான்.

இனிமேல் சொல்லப்போவதுதான் விஷயம்.

எங்கள் ஊர் திரௌபதியம்மன் திருவிழாவில் அர்ச்சுனன் தபசு என்று ஒரு நாள் உண்டு. உயரமான பனைமரத்தை இழைத்து, வண்ணம் பூசி, கோயில் எதிரே நட்டு, ஏறுவதற்குக் கட்டைகள் அடித்து, உச்சியில் பலகை வைத்திருப்பார்கள். அதுதான் தபசு மரம். அர்ச்சுனன் வேஷம் கட்டிய கூத்து வாத்தியார் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு பாட்டுப் பாடிக்கொண்டே ஏறுவார். குழந்தை இல்லாத பெண்கள் மஞ்சள் தண்ணீரில் குளித்து, ஈரப்புடவையோடு மரத்தைச் சுற்றிவந்து, குப்புற விழுந்து, முந்தானையைத் தலைக்கு முன்னால் விரித்துக் கிடப்பார்கள். அர்ச்சுனன் உச்சியிலிருந்து எலுமிச்சம்பழம், வில்வம், விபூதி எல்லாம் வீசுவார். கண்ணை மூடி வேண்டிக்கொண்டே கிடக்க வேண்டும். அவர் வீசி முடித்த பிறகுதான் எழுந்து பார்க்கலாம். எந்த முந்தானையில் பழம் விழுந்ததோ அந்த வீட்டில் அடுத்த திருவிழாவுக்குள் தொட்டில் ஆடும். விழுந்த பழத்தை இன்னொருத்தருக்குக் கொடுப்பது என்ற பேச்சே கிடையாது. அது பழம் இல்லை, பிள்ளை.

அம்சா மூன்று வருஷமாகப் போய் விழுந்துகொண்டிருந்தாள். பழம் விழவில்லை. அந்த வருஷம் அவள் முன்கூட்டியே, "போதுங்க, இனிமே வேணாம்" என்றாள். ஊசிக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தாள். அம்மா, "ஒரே ஒரு வாட்டிம்மா" என்றாள். நானும், "ஒரு தடவ, அம்சா" என்றேன். எல்லா வீட்டிலும் சொல்வதுதானே. ஆசையில்லாதவனா இப்படிச் சொல்வான்? அவளும் சரியென்று தலையை ஆட்டிவிட்டுப் புடவையை எடுத்து வைத்தாள்.

அந்த அம்மா படம்பிடிக்க வேண்டுமென்று கேட்டார். கோயில் கமிட்டியிடம் நான்தான் பேசினேன். "மரத்த எட்த்துக்கட்டும், நம்மூரு பேரு வெளிநாட்டுல தெரியட்டும்" என்றார்கள். பெண் என்பதால், பெண்கள் கிடக்கும் வட்டத்துக்குள்ளேயே போகவும் விட்டார்கள். மரத்தை எடுக்கத்தான் சம்மதம். இதை நான் அழுத்திச் சொல்கிறேன்.

சாயங்காலம், வெயில் இறங்கும் நேரம். கார்ட்லெஸ் மைக்கை அர்ச்சுனன் மார்பில் நான்தான் மாட்டிவிட்டேன். அது வேர்வையில் நனைந்தால் கொரகொரக்கும். அதனால் ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் உச்சிக்குப் போனார். ஊரே அண்ணாந்து பார்த்தது. பழங்களை வீசியபோது "கோவிந்தா" என்று எழுந்த சத்தத்தில் என் மீட்டர் முள் சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டது. பெண்கள் எழுந்தார்கள். அம்சாவின் முந்தானையில் ஒரு வில்வ இலை மட்டும் இருந்தது. அவளுக்குப் பக்கத்தில் கிடந்த அடுத்த தெரு ஜோதியின் முந்தானையில் பழம் இருந்தது. ஜோதி அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளுக்கும் கல்யாணமாகி நெடுநாள் பிள்ளையில்லை. அம்மா வீட்டுக்கு வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டாள். நான் அம்சாவிடம், "விடு, நம்ம நேரம்" என்றேன். அவள் ஈரப்புடவையைக் கொடியில் போட்டுக்கொண்டே, "உம்" என்றாள்.

மழைக்கு முன்பே அந்த அம்மா கிளம்பிப் போய்விட்டார். அடுத்த திருவிழாவுக்குத் திரும்பி வந்தார், படத்தோடு. எந்த ஊரில் எடுத்தாலும் முதலில் அந்த ஊரில் காட்டிவிட்டுத்தான் மற்ற இடத்துக்குக் கொண்டுபோவாராம். அது அவருடைய ஒழுங்கு. ஊரில் எல்லோருக்கும் இது பிடித்துப்போனது. அந்த நேரத்தில் ஜோதி வீட்டில் நிஜமாகவே தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது, ஆண் குழந்தை. அர்ச்சுனன் வேஷம் கட்டிய வாத்தியாருக்கு ஜோதியின் புருஷன் வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்திருந்தான். அந்தப் பெருமையும் படத்தில் சேர்ந்து வரும் என்று கமிட்டியில் பேசிக்கொண்டார்கள்.

கோயில் எதிரே திரை கட்டினேன். கருகிய கூம்புகளைத்தான் வைக்கச் சொன்னார், வைத்தேன். இருட்டினதும் ஊர் கூடிவிட்டது. குழந்தையைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஜோதி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய நாள் அல்லவா? அம்மா பெண்கள் பக்கத்தில் இருந்தாள். அம்சாவைக் கண்ணால் தேடினேன். புரொஜெக்டர் பக்கத்தில் அந்த அம்மாவோடு நின்றுகொண்டிருந்தாள்.

படத்தில் மரம் இல்லை. ஒரு காட்சியில்கூட இல்லை. தரைதான் தெரிந்தது. கேமராவும் அந்தப் பெண்களைப் போலவே மண்ணில் குப்புறக் கிடந்திருக்கிறது. ஈரப்புடவையில் ஒட்டிய மணல், விரல்கள், ஒரு பெண்ணின் காதோரத்து நரம்பு துடிப்பது, இவைதான். பின்வரிசையிலிருந்து ஒருவர், "நம்ம மரம் எங்கய்யா?" என்று கத்தினார், எல்லோரும் சிரித்தார்கள். அர்ச்சுனனின் பாட்டு எங்கோ தூரத்தில் கேட்டது. கிட்டத்தில் மூச்சு கேட்டது. அது அம்சாவின் மூச்சு. சவுண்ட் வேலை செய்கிறவனுக்கு அது தெரியாதா? அவள் தலைமாட்டில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்திருக்கிறார்.

தூரத்தில் "கோவிந்தா" என்ற சத்தம் எழுந்தது. திரையில் விரித்திருந்த முந்தானையில் எலுமிச்சம்பழம் வந்து விழுந்தது. அம்சாவின் முந்தானை, பச்சையில் மஞ்சள் கரை. அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கையை நீட்டிப் பழத்தை எடுத்து, பக்கத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடந்த ஜோதியின் முந்தானையில் வைத்தாள். கூம்பு ஸ்பீக்கர் கரகரத்தது. "எனக்குப் போதும் தாயே. அவளுக்குக் குடு."

படம் இன்னும் கொஞ்சம் ஓடியது என்று நினைக்கிறேன். நான் பார்க்கவில்லை. ஜோதி குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு எழுந்து, யாரையும் பார்க்காமல் நடந்து போய்விட்டாள். அப்போதுதான் அம்மா மாரில் அடித்துக்கொண்டு கத்தினாள்.

"ஐயோ, கைக்கு வந்த புள்ளய தூக்கி குட்த்துட்டாளே! என் பேரன தூக்கி குட்த்துட்டாளே!"

வீட்டுக்கு வந்ததும் அந்த அம்மாவைக் கூடத்தில் நிற்கவைத்துக் கேட்டேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷிலும் தெரியாத இங்கிலீஷிலும் கேட்டேன். என் வீட்டில் சோறு தின்றுவிட்டு என் வீட்டையே சந்தியில் நிறுத்திவிட்டாயே, உன்னை மரத்தைத்தானே எடுக்கச் சொன்னேன் என்று கேட்டேன். அவர் 'அப்புறம்?' என்று மட்டும் கேட்டிருந்தால் அன்று என்ன நடந்திருக்குமோ தெரியாது. நல்லவேளை, கேட்கவில்லை. அம்சா நடுவில் வந்து நின்றாள்.

"அவங்கள ஏன் கேக்கறீங்க? திரும்பி வந்த அன்னிக்கே எனக்குப் போட்டுக் காட்டனாங்க. வாணாம்னா இந்த எடத்த வெட்டிடறேன்னாங்க. நான்தான் இருக்கட்டும்னு சொன்னேன்."

"நீயா?"

"நான்தான்."

"ஊரு முன்னாடி காட்டணுமா இத்த? எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னேனே. ஆஸ்பத்திரியில சொன்னேன், பஸ்ஸுல சொன்னேன், அத்தை எதுர்ல சொன்னேன். போதும், போதும்னு எத்தினி வாட்டி சொன்னேன்? ஒரு தடவ, ஒரு தடவன்னீங்க. இப்ப கேட்டுச்சா?"

அம்மா அழுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப உனக்குக் கொயந்த வாணாவா, அம்சா?"

"வேணும்னுதான் இருந்தது. ரொம்ப நாளு இருந்தது. இப்ப தூக்கம்தான் வேணும். காலையில எய்ந்தா எந்தக் கோயிலு, எந்த ஊசின்னு நெனைக்காம எய்ந்துக்கணும்." சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்ப் பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள். நிஜமாகவே தூங்கிவிட்டாள்.

மறுநாள் அந்த அம்மா கிளம்பினார். பெட்டிகளைக் காரில் ஏற்றியது நான்தான். என் தோளைத் தட்டக் கையைத் தூக்கினார். நான் நகர்ந்துகொண்டேன்.

அம்சா சம்மதித்தாள், சரி. அது அவள் மூச்சு, அவள் கை. ஆனால் ஜோதியை யார் கேட்டார்கள்? அர்ச்சுனன் வீசி, அம்மன் கொடுத்து, தன் முந்தானையில் வந்து விழுந்த பிள்ளை என்று நம்பிக்கொண்டிருந்தவளை ஊர் நடுவில் உட்காரவைத்து, அது உன்னுடையது இல்லை என்று காட்டிவிட்டுப் போனார் அந்த அம்மா. அதன் பிறகு நடந்ததைப் பார்க்க அவர் இங்கே இல்லை. என் அம்மா வசம்பு வளையல் வாங்கிக்கொண்டு ஜோதி வீட்டு வாசலில் போய் நின்றாள். ஒரு நாள் போனால் பரவாயில்லை, தினமும் போனாள். குழந்தையை ஒரு தடவை தூக்கிக்கொள்கிறேன் என்று கெஞ்சினாள். ஜோதியின் மாமியார், "இன்னா, பங்கு கேக்க வந்துட்டியா?" என்று கதவைச் சாத்தினாள். தெருவில் குழந்தையை யார் கொஞ்சினாலும் மூக்கு அம்சா மாதிரி இருக்கிறது என்று ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி சிரிக்க, கடைசியில் ஜோதியின் புருஷன் செங்கல்பட்டில் வீடு பார்த்துக்கொண்டு குடும்பத்தோடு போய்விட்டான். சாமான் ஏற்றிய அன்று ஜோதி எங்கள் தெரு வழியாக வராமல் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போனாள். யாரும் பார்க்காததைப் பார்க்கிறவராம். இதைப் பார்த்தாரா? அம்சாவின் கையைத் துணியில் பெரிதாக அச்சடித்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்று சென்னைப் பெண் சொன்னாள். எந்தெந்த நாட்டிலோ ஜனங்கள் அதன் முன்னால் நின்று அழுகிறார்களாம். அழட்டும். ஜோதி குடியிருந்த வீடு பூட்டியே கிடக்கிறது, அதை யாராவது அச்சடித்துத் தொங்கவிடட்டும்.

அந்த அம்மா இப்போதும் அம்சாவுக்கு வீடியோவில் பேசுகிறார். அம்சா மறுபடியும் பள்ளிக்கூட ஆபீசுக்குப் போகிறாள். வேலை முடிந்து வந்து மாடிப்படியில் உட்கார்ந்து, இங்கிலீஷில் பேசிச் சிரிப்பாள். என்னைப் பார்த்ததும் போனைத் திருப்பி, "பேசறீங்களா?" என்பாள். நான் வேலை இருக்கிறது என்று ஷெட்டுக்குப் போய்விடுவேன்.

இந்த வருஷம் கொடியேற்றத்துக்கு முன்பே அம்மா ஆரம்பித்துவிட்டாள். நான் ஷெட்டில் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பக்கத்தூர்ல வேற கூத்து ஜமா கட்டறாங்களாம், நைனா. அர்ச்சுனன் கட்றவரு கைராசிக்காரராம். நம்ம ஊரு ஜனம் அங்க வராது. ஒரே ஒரு வாட்டி அம்சாவ இட்டுக்கினு போயி வந்துர்லாம்."

"வாணாம்மா."

"இன்னாடா?"

"வாணாம். அவ எங்கியும் வந்து குப்புற வியமாட்டா. இனிமே இந்தப் பேச்ச எடுக்காத. எனக்கும் போதும்."

சமையல்கட்டில் கரண்டிச் சத்தம் நின்றது. அம்சா வெளியே வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்று என்னைப் பார்த்தாள். நான் ஒயரைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தேன்.

அப்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று இந்தப் புத்தகத்துக்கு நான் எழுதித் தரமாட்டேன். அந்த அம்மா மாடியில் இருந்திருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு போயிருப்பார். நல்லவேளை, அன்றைக்கு அதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.